கொஞ்சம் இருட்டும் வேண்டும்

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு: புதிதாக வந்த உயிரை உடனே பளிச்சென்று பார்த்தாக வேண்டும். பவளம் பிளாஸ்டிக் பையில் வந்து இறங்குகிறது. வெப்பத்தைச் சமன் செய்கிறார்கள். உப்பின் அளவைப் பார்க்கிறார்கள். பையிலுள்ள நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கிறார்கள். எல்லாம் சாஸ்திரப்படி. பிறகு விளக்கை முழுசாக எரியவிட்டு, பாறையின் உச்சியில் அதைக் குடியேற்றி, வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். பத்து நாளில் அது வெளுத்துப்போகிறது. பழி நீர்மீது விழுகிறது, மிச்சம் விற்றவர்மீது.

பெரும்பாலும் குற்றவாளி தலைக்கு மேலே தொங்கும் விளக்குதான். பவளம் ஒரு பிராணி. அதன் சதைக்குள் லட்சக்கணக்கில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை அவைதான் ஒளியிலிருந்து சமைத்துத் தருகின்றன. வெளிச்சம் மங்கலாக இருந்தால் அந்தப் பாசிகள் நிறமியைக் கூட்டிக்கொள்ளும், அதிகமானால் குறைத்துக்கொள்ளும். ஆனால் இதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் பிடிக்கும். கடையின் மங்கல் தொட்டியில் கிடந்து, பயணத்தில் ஓரிரு நாள் கும்மிருட்டில் இருந்துவிட்டு வரும் பவளத்தின்மீது முழு ஒளி பாய்ந்தால், பாசிகளால் செலவழிக்க முடியாத ஆற்றல் நச்சு ஆக்சிஜனாக மாறிச் சதையைத் தாக்குகிறது. பவளம் தன் சமையல்காரனையே வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பு என்பது இதுதான். அந்த நிலையில் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது.

இந்தியத் தொட்டிகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு ஒரே வரிசையில், சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். எனவே ஆர்வலர்கள் தேடுவது காளான் பவளம் போன்ற, கல்லெலும்பு கட்டாத வகைகளை. இவை நிழலை விரும்புகிறவை. ஆனால் சந்தையிலுள்ள பல எல்.இ.டி. விளக்குகளோ மேல்கடலின் வெயிலில் வாழும் கல்பவளத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. குடிசைக்குக் கோயில் விளக்குத் தூணை நட்ட கதை.

கண்ணை நம்பவும் வழியில்லை. கண்மணி சுருங்கியும் விரிந்தும் சமாளித்துக்கொள்வதால், இரு மடங்கு ஒளிகூட நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். நீல ஒளி இன்னும் மோசம்: நமக்கு மங்கல், பாசிக்கு விருந்து.

வைத்தியம் எளிது, பொறுமைதான் அரிது. புதுப் பவளத்துக்கு முதல் இடம் தொட்டியின் தரை. விளக்கு மங்கும் வசதியுள்ளது என்றால் பாதிக்கும் கீழே இறக்கி, வாரத்துக்கு 5 சதவீதம் போல ஏற்றலாம். வசதி இல்லையா? கொசுவலைத் துணியை மூன்று நான்கு மடிப்பாகத் தொட்டிமேல் விரித்து, சில நாளுக்கு ஒரு மடிப்பாக எடுத்தால் போதும். காசு கொடுத்து வாங்கும் கருவிகள் பலவற்றைவிட இது நல்ல வேலை செய்யும். இடத்தை மட்டும் தினம் ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய பவளமும் தப்புவதில்லை. வயதாகி மங்கிய குழல் விளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால் அதற்கு அது திடீர் வெயில். மஞ்சளித்த நீரில் ஆக்டிவேட்டட் கார்பனைக் கொட்டினாலும் இதே கதிதான்: நீர் ஒரே இரவில் தெளிந்து, விளக்கைத் தொடாமலே ஒளி கூடிவிடும்.

கடலிலும் கணக்கு இதேதான், அங்கே முதல் அடி வெப்பம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. நீர் சூடேறினால் பாசிகள் வழக்கமான வெயிலைக்கூடத் தாங்காது. இது தொட்டிக்காரர்களுக்கு நேரடியாக உதவும் தகவல். மே மாத மின்வெட்டுக்குப் பிறகு தொட்டி 30 டிகிரியைத் தாண்டிச் சூடாகிக் கிடக்கிறதா? மின்சாரம் வந்ததும் விளக்கைப் போட அவசரம் வேண்டாம். அன்று முழுக்க அணைத்தே வைக்கலாம்.

வெளுத்துவிட்டதைத் தூக்கியெறியவும் அவசரப்படக் கூடாது. ஒளியால் வந்த வெளுப்பு மேல்பக்கத்தில் தொடங்கும். நிழல் விழும் அடிப்பக்கத்தில் பழுப்பு மிஞ்சியிருக்கும். சதை கரையாமல் இருந்தால் நம்பிக்கை உண்டு. நிழலுக்கு நகர்த்தி, மிக நுண்ணிய உணவை மாலையில் கொஞ்சமாகக் கொடுத்து, நீரை நிலையாக வைத்திருந்தால் மிஞ்சிய பாசிகள் மெல்லப் பெருகும். நிறம் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம், சிலவற்றுக்கு மாதங்கள். அதுவரை விருந்தினருக்குக் காட்ட மீன்கள் இருக்கின்றன.