ஐகர் மலையின் அடிவாரத்தில் நான்கு நாட்கள்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே "விடுமுறை" என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. இலண்டனில் ஒரு திருமணம், பாரிசில் ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஜேர்மனியில் ஒரு செத்தவீடு, பாதை திறந்த பின்னர் ஊருக்கு ஒரு பயணம் என்பனவற்றுக்கே ஆண்டு விடுமுறையின் நாட்கள் அனைத்தும் செலவாகிவிடுகின்றன. கணவனும் மனைவியும் மட்டுமாக, தலையில் எந்தக் கடமையும் இன்றி, பார்ப்பதற்கென்றே ஓரிடத்துக்குச் சென்று தங்குவது எம்மில் பலருக்கு இன்றும் கூச்சம் தரும் காரியமாகவே இருக்கின்றது. "இந்த வயதிலை உங்களுக்கு என்ன ஊர்சுற்றல்?" என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற எண்ணம் எம்மை விட்டு அகலுவதில்லை.

பேர்ண் நகரில் நான் வாழத் தொடங்கி 28 ஆண்டுகள் ஆகின்றன. வானம் தெளிந்த நாட்களில், பாராளுமன்றக் கட்டடத்தின் பின்புறத்து மேடையில் நின்றால், ஐகர், மொன்ச், யுங்பிறவ் ஆகிய மூன்று வெண்சிகரங்களும் தொலைவில் வரிசையாகத் தெரியும். அந்த மலைகளின் வாசலாகிய இன்ரர்லாக்கனுக்குப் புகையிரதத்தில் ஒரு மணி நேரமும் இல்லை. ஆயினும் இரு வேலைகள், கடன், சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை என்று காலம் ஓடிவிட்டது. என் கணவர் ஓய்வு பெற்றதும், 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கிறிண்டல்வால்ட் என்னும் மலையூரில் நான்கு நாட்கள் தங்குவதற்குப் பிள்ளைகள் ஒழுங்கு செய்து தந்தனர்.

கிறிண்டல்வால்டை அவர்கள் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1990இல் என்னை ஊரில் விட்டுப் புறப்பட்ட அவர், அகதித் தஞ்சம் கோரிய பின்னர், அவ்வூரின் பெரிய விடுதியொன்றில் ஆறு ஆண்டுகள் கோப்பை கழுவினார். நான் வந்து சேர்ந்தது 1997இல். இடைப்பட்ட காலத்தில் அவரிடமிருந்து எனக்கு வந்தவை பெரும்பாலும் மலைப்படம் அச்சிட்ட தபால் அட்டைகளே. மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் அந்தப் படங்களை அயலவரும் வாங்கிப் பார்ப்பார்கள். "உம்முடைய மனுசன் சொர்க்கத்திலை எல்லோ இருக்கிறார்" என்பார்கள். பின்புறத்தில் எப்போதும் இரண்டே வரிகள்: தான் நலம், இங்கே குளிர். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் நான் பைக்குள் வைத்தவை அந்த அட்டைகள். அவற்றுள் நான்கு இன்றும் என்னிடம் உள்ளன. இப்பயணத்துக்கும் அவற்றை எடுத்துச் சென்றேன்.

இன்ரர்லாக்கன் என்ற பெயரின் பொருளே "ஏரிகளுக்கு இடையில்" என்பதாகும். துன், பிறியன்ஸ் ஆகிய இரு ஏரிகளின் நடுவே அமைந்த இந்நகரில் கடிகாரக் கடைகளும் சொக்கலேற் கடைகளும் நிறைந்துள்ளன. இந்தியத் திரைப்பட இயக்குநர் யாஷ் சோப்ராவுக்கு 2016இல் இங்கே சிலை வைத்திருக்கிறார்கள். அவரது படங்களைப் பார்த்துவிட்டு வந்த இந்தியப் பயணிகளுக்கு இந்நகரம் காட்டிய நன்றி அது எனலாம். இங்கிருந்து மலைக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ரர்லாக்கன் கிழக்கு நிலையத்திலிருந்து புறப்படும் வண்டி, வழியில் ஸ்வைலுட்சினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதி லவுற்றர்புறூனனுக்கும் மறுபகுதி கிறிண்டல்வால்டுக்கும் செல்லும். எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பதைப் பார்த்தே ஏறவேண்டும்.

முதல் நாள் லவுற்றர்புறூனன் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே அமைந்த இப்பள்ளத்தாக்கில் 72 அருவிகள் உள்ளன என்பர். அவற்றுள் ஸ்ரவுப்பாஹ் அருவி 297 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. விழும் வழியிலேயே நீர் காற்றில் கலைந்து தூளாகிவிடுகின்றது. ஜேர்மானியப் பெருங்கவிஞர் கோதே 1779இல் இங்கு வந்து, இவ்வருவியின் தூண்டலால் கவிதை எழுதினார். சற்று அப்பால் உள்ள துறும்மல்பாஹ் அருவிகளோ மலையின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கின்றன. மூன்று சிகரங்களின் பனியாறுகளும் உருகி, பாறையைக் குடைந்து, பத்து அருவிகளாக உள்ளேயே இறங்குகின்றன. செக்கனுக்கு 20,000 லீற்றர் வரை நீர் பாயும் அந்தக் குகையில் பக்கத்தில் நிற்பவரின் குரல்கூடக் கேட்பதில்லை. மலையென்று பெயரில் மாத்திரம் கொண்ட கீரிமலைக் கேணியில் நீராடி வளர்ந்தவள் நான். மலை என்பது உண்மையில் எத்தகையது என்பதை அங்கே உடல் நடுங்க உணர்ந்தேன்.

மறுநாள் காலை கிறிண்டல்வால்ட் வீதியில் நடந்தோம். ஊரின் தலைக்கு மேலே, 3967 மீற்றர் உயரமான ஐகர் மலையின் வடக்குச் சுவர் கறுத்து நிற்கின்றது. பலரின் உயிரைப் பறித்த அச்சுவரை 1938இலேயே நால்வர் முதன்முதலாக ஏறி முடித்தனர். என் கணவர் வேலை செய்த விடுதி இப்போது புதுப்பொலிவோடு விளங்குகின்றது. அவர் என்னை முன்வாசலுக்கு அழைத்துச் செல்லவில்லை. பக்கத்து ஒழுங்கையால் கூட்டிச் சென்று, நிலத்தோடு ஒட்டியிருந்த ஒரு சிறு யன்னலைக் காட்டினார்.

"இதுதான் நான் நிண்ட இடம். இதாலை பாத்தால் ஆக்களின்ரை சப்பாத்துதான் தெரியும். ஈரமெண்டால் மழை, வெள்ளையெண்டால் பனி. வெளியிலை என்ன காலநிலை எண்டு சப்பாத்தைப் பாத்துத்தான் அறியிறது."

"அப்ப மலை தெரியாத இடத்திலை நிண்டுகொண்டோ எனக்கு மலைப்படம் அனுப்பினீங்கள்?"

"வேறை என்னத்தை அனுப்பிறது? கோப்பை கழுவிற படம் போட்ட அட்டை ஒருத்தரும் விக்கேல்லையே!"

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பின்னர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்கதவருகே மேலங்கியோடு நின்ற எரித்திரிய இளைஞன் ஒருவன் எங்களை ஐயத்தோடு பார்த்தான். என் கணவர் டொச் மொழியில், "சிம்மர்ஸ்ருண்டவா?" என்று கேட்டார். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் விடுதித் தொழிலாளருக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தின் பெயர் அது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஊர் எது, குடும்பம் எங்கே என்று இருவரும் கதைத்துக்கொண்டு நின்றனர். அவனுடைய மனைவியும் இன்னும் ஊரில்தான் இருக்கிறாளாம்.

மூன்றாம் நாள் யுங்பிறவ்யோகுக்குச் சென்றோம். கட்டணம் மலைக்க வைப்பதுதான். அரைக்கட்டண அட்டை வைத்திருப்போருக்குச் சுமை குறையும். 2020 மார்கழியில் திறக்கப்பட்ட புதிய தொங்கூர்தி, கால் மணி நேரத்தில் ஐகர் பனியாற்றின் விளிம்புக்கு ஏற்றிவிடுகின்றது. அங்கிருந்து புகையிரதம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 3454 மீற்றர் உயரத்துக்கு ஏறுகின்றது. காற்று அங்கே மெல்லியது. முதியோர் படிகளில் ஆறுதலாக ஏறுதல் நன்று. இப்பாதையைத் திட்டமிட்டவர் அடோல்வ் குயர் செல்லர் என்ற தொழிலதிபர். 1896இல் தொடங்கிய வேலை 1912ஆம் ஆண்டு ஆவணி முதலாம் நாள்தான் நிறைவெய்தியது. அவரோ 1899இலேயே இறந்துவிட்டார். பாறையை வெடிவைத்து உடைத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர். பலர் விபத்துகளில் மாண்டனர். உச்சியிலுள்ள சுரங்கக் காட்சிக்கூடத்தில் அவர்களுக்கும் ஒரு நினைவிடம் வைத்திருக்கிறார்கள். எமது நாட்டின் நுவரெலியாவில் தேயிலை மலைகளைப் படம்பிடித்துச் செல்வோர், அம்மலைகளைத் தோட்டமாக்கிய மலையகத் தமிழரின் லயன் அறைகளை எட்டிப் பார்ப்பது அரிது. மலையின் அழகு இயற்கை தந்தது. அந்த அழகைப் பிறர் காணப் பாதை அமைப்பதும், கண்டு வந்தவர் உண்ட கோப்பையைக் கழுவுவதும் எங்கிருந்தோ வந்த மனிதரின் கைகள்.

உச்சியிலிருந்து பார்த்தால் அலெற்ஷ் பனியாறு கீழே விரிகின்றது. ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமான அதுவே அல்ப்ஸ் மலைத்தொடரின் மிகப் பெரிய பனியாறு. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. ஊர் திரும்பியதும், என்னிடமிருந்த தபால் அட்டை ஒன்றை மேல் கிறிண்டல்வால்ட் பனியாற்றின் திசையில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் காட்டின் ஓரம்வரை நீண்டு கிடந்த பனிநாக்கு இப்போது இல்லை. அவ்விடத்தில் வெறும் பாறையே தெரிந்தது. அவர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சை இருந்த காலத்திலை ஒருநாள் போய்ப் பாப்பம் எண்டுதான் இருந்தனான்" என்றார்.

கடைசி நாள் தொங்கூர்தியில் விர்ஸ்ற் என்ற இடத்துக்கு ஏறி, அங்கிருந்து பாஹால்ப் ஏரிக்கு நடந்தோம். இளையோருக்கு ஒரு மணி நேர நடை. எமக்கு இரண்டு மணி நேரம் சென்றது. மாடுகளின் கழுத்து மணி ஓசையும் புல்வெளிப் பூக்களும் வழித்துணையாக வந்தன. ஏரிக்கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டோம். பேர்ண் மலைகளில் மிக உயரமானதும் 4274 மீற்றர் கொண்டதுமான வின்ஸ்ரறார்ஹோர்ன் எதிரே நிமிர்ந்து நின்றது. "நீர் கொஞ்சம் முன்னாலை நில்லும்" என்று சொல்லி, என்னையும் மலையையும் சேர்த்து அவர் ஒரு படம் எடுத்தார். மலையோடு ஆள் இருக்கும் படம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

இந்நாட்டின் விடுதிகளிலும் உணவகங்களிலும் உழைத்தே எம்மவர் பலர் குடும்பங்களை வாழவைத்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் தாம் உழைத்த ஊரின் மலையை நிமிர்ந்து பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள். பெற்றோருக்கு நகையும் சேலையும் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், அவர்களை இரண்டு நாட்களுக்காவது அவர்கள் முதன்முதலில் வேலை செய்த ஊருக்கு அனுப்பி வையுங்கள். முடிந்தால் கூடவே சென்று, அவர்கள் நின்ற இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முழங்கால்கள் ஏற்றத்துக்கு இடங்கொடுக்கும் வயதிலேயே இதைச் செய்வது நன்று.