எண்ணெயில் வந்த உப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

வைத்தியருக்கு நாடி எப்படியோ, இஞ்சின்காரனுக்கு ஆயில் அப்படி. எங்கள் மண்டபத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர்கள் கிளம்புமுன் இஞ்சின் அறைக்குள் இறங்கி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, விளக்கில் பிடித்துப் பார்ப்பார்கள். அளவை மட்டும் அல்ல. நிறத்தைப் பார்ப்பார்கள், இரு விரலுக்கிடையே தேய்ப்பார்கள், முகர்வார்கள்.

சாலையில் கார் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு வண்டி பிடிக்கலாம். பாக் நீரிணையில் இஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் தம் விருப்பப்படி இழுத்துப் போகும். 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. இஞ்சின் பழுதாகித்தான் இங்கே வந்தோம் என்று விளங்க வைப்பது எளிதன்று. ஆகவே ஆயில் மீட்டரின் முள் கொஞ்சம் இறங்கினாலும் எங்கள் ஊரில் அடிவயிறு கலங்கும்.

சென்ற ஆண்டு என் தாய்மாமன் ஓட்டும் படகில் முள் இறங்கிற்று. வழக்கமாக நாலில் நிற்பது, இஞ்சின் சூடேறியபின் இரண்டரைக்கு வந்தது. முள் இறங்கினால் காரணம் பத்து இருக்கும். மீட்டரே பொய் சொல்லலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். மாமா வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தார், அதுவும் இரண்டரைதான். பிறகு குச்சியை எடுத்தார். ஆயில் ஒரு விரற்கடை கூடியிருந்தது!

யாரும் ஊற்றாமல் ஆயில் கூடினால், உள்ளே வந்தது டீசலாக இருக்க வேண்டும், அல்லது தண்ணீராக இருக்க வேண்டும். டீசல் என்றால் வாடை வரும், ஆயில் நீர்த்துப்போகும். இதுவோ பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர்தான்.

இங்கே, நூலகத்தில் மோட்டார் வாகனப் புத்தகமொன்றில் படித்த செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய சுழல் இஞ்சினில் மேலும் கீழும் போகும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான ரோட்டார் சுழல்கிறது. 1964-இல் என்.எஸ்.யு. நிறுவனமும் 1967-இல் ஜப்பானின் மாஸ்டாவும் அதைக் காரில் வைத்து விற்றன. முக்கோணத்தின் முனைகளிலுள்ள அடைப்புப் பட்டைகள் சுவரில் உராய்ந்துகொண்டே இருப்பதால், சிறு பம்ப் ஒன்று வேண்டுமென்றே கொஞ்சம் ஆயிலை எரியும் அறைக்குள் அனுப்பும். அது எரிந்தே போகும். அந்தக் காரில் ஆயில் சிறிது சிறிதாகக் குறைவது நோயன்று. நெடுநாள் குறையாமலே இருந்தால்தான் அந்தப் பம்ப் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். நம் டீசல் இஞ்சினுக்கு நேர் எதிர்! ஓர் ஒற்றுமையும் உண்டு. ரோட்டாரின் உட்புறத்தில் பாய்ந்து சூட்டை வாங்கி வருவது ஆயில். அதை ஆற்றுவதற்கு ஆயில் கூலர் வேண்டும். அங்கே காற்று ஆற்றுகிறது. மாமாவின் படகில் கடல்நீர் ஆற்றுகிறது.

ஆக, எங்கள் படகின் ஆயிலுக்குள் இரண்டு தண்ணீரில் ஒன்று வந்திருக்கலாம். ஒன்று, இஞ்சினைச் சுற்றி ஓடும் தொட்டித் தண்ணீர். அது வந்தால் மேலே கேஸ்கெட்டோ, சிலிண்டரின் அடி வளையமோ பழுது. ஹெட்டைக் கழற்ற வேண்டும். மற்றது, கூலர் குழாய்களில் ஓடும் கடல்நீர். அது வந்தால் கூலரை மட்டும் கழற்றினால் போதும். முதலாவதற்குப் பல நாளும் கடன் வாங்கிய பணமும் போகும். வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகுகள் கடலுக்குப் போவது. ஒரு நாள் போகாவிட்டால் படகிலுள்ள ஐந்து பேருக்கும் அன்று பங்கு இல்லை.

மாமா விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். (நீங்கள் செய்யாதீர்கள், எரிந்த ஆயில் உடலுக்குக் கேடு.) “கடல் தண்ணிதான். கரிக்குது” என்றார்.

மெக்கானிக் ஒப்பவில்லை. “அண்ணே, நம்ம ஊர்ல குடிக்கிற தண்ணியே கரிக்கும். தொட்டியில ஊத்துனதும் அதே கிணத்துத் தண்ணிதானே? ஹெட்டைக் கழத்திருவோம்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாமா என்னைப் பார்த்தார். “ஏன் மாப்ளே, உங்க காலேஜுல இதுக்கு வழி இருக்கா?” ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்தக் கேள்வி கேலியா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று புட்டிகளுடன் மறுநாள் பஸ் ஏறினேன். பேராசிரியர் அனுமதி தந்தார். வெள்ளி நைட்ரேட் விலை உயர்ந்தது, வீணாக்காதே என்றும் சொன்னார். பாலாய்த் திரிந்த ஆயிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கியதும் அடியில் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நின்றது. அதில் சில துளி, தொட்டித் தண்ணீரில் அதே அளவு, கடல்நீரில் அதே அளவு. ஒவ்வொன்றிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு வெள்ளி நைட்ரேட். மெக்கானிக் சொன்னது சரி: மூன்றிலுமே வெண்மை வந்தது. ஆனால் தொட்டித் தண்ணீரில் வந்தது மங்கல். மற்ற இரண்டிலும் தயிர் போலக் கட்டியாக இறங்கிற்று. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல்நீரில் ஏறத்தாழ 19,000. உப்பு இருக்கிறதா என்று கேட்பதில் எங்கள் கரையில் பொருளில்லை. எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். பொட்டாசியம் குரோமேட் சேர்த்து ப்யூரெட்டிலும் அளந்தேன். ஆயிலிலிருந்து பிரிந்த தண்ணீரும் கடல்நீரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் செங்கல் நிறம் காட்டின.

இன்னொரு தடயத்தை மாமா முன்பே பார்த்திருந்தார். ஓடும்போது புகைக்குழாய் வழியே விழும் தண்ணீரோடு எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் விரிந்ததாம். ஓடுகையில் ஆயிலின் அழுத்தம் அதிகம். ஓட்டை வழியே ஆயில் கடல்நீருக்குள் போகும். நங்கூரமிட்டு இஞ்சின் நின்றபின் அழுத்தம் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் கூலரில் கடல்நீர் ஆயிலுக்குள் வரும். அதனால்தான் விடியலில் குச்சி கூடுதலாகக் காட்டியிருக்கிறது.

சனிக்கிழமை படகு போகவில்லை. அன்று கூலரைக் கழற்றி, வாய்களை அடைத்து, காற்றடித்து, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோல டிரம் தண்ணீரில் அமுக்கினார்கள். குமிழிகள் வரிசையாக வந்தன. உள்ளே இருக்க வேண்டிய துத்தநாகக் கட்டை அடியோடு கரைந்து போயிருந்தது. குழாய்க்கு முன் தான் அரிபட வேண்டும் என்றே வைக்கப்பட்ட உலோகம் அது. அது தீர்ந்தபின் உப்பு குழாய்களைத் தின்றிருக்கிறது. மின்வேதி வரிசையை மனப்பாடம் செய்தபோது இது எனக்குத் தோன்றியதேயில்லை.

இராமநாதபுரத்தில் பழைய கூலர் ஒன்று கிடைத்தது. உப்பு நீர் தங்கினால் பேரிங் அரித்துவிடும் என்பதால், மலிவான ஆயிலை ஊற்றிச் சிறிது ஓட்டி வடித்து, இரண்டு முறை கழுவிய பிறகே நல்ல ஆயில் ஊற்றினார்கள். திங்கட்கிழமை படகு போயிற்று. முள் நாலில் நின்றது.

வெள்ளி நைட்ரேட் பட்டு என் விரல் நுனிகள் கறுத்திருந்தன. மாமா தம் கையிலிருந்த ஆயிலை டீசலால் கழுவிவிட்டு, என் கையையும் இழுத்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. “என்ன கருமம்டா இது, எங்க ஆயிலே தேவலாம்” என்றார். அந்தக் கறை தோலோடு உரிந்து போக ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.