அடிமட்டமும் கௌப்பியும்



மாரி மழை தொடங்கினால் நம்மூரில் பலரும் வளவில் எதையாவது ஊன்றுவோம். அதற்கு முதல், நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

2022. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம். அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலம். சம்பளம் பாதி மாதத்திலேயே முடிந்துவிடும். பின்வளவில் கௌப்பி போட்டால் பிள்ளைகளின் காலைச் சாப்பாடாவது ஓடும் என்று நினைத்தேன்.

இடம் சின்னது. நெருக்கி ஊன்றினால் கூடக் கிடைக்கும் என்பது என் கணக்கு. தறி ஊர்க்காரன்தானே, இழை நெருங்க நெருங்கத் துணி கெட்டி என்று பழகிய கண். எல்லாப் பக்கமும் அரை அடி விட்டு, குழிக்கு நாலு விதை போட்டேன். அத்தனையும் முளைத்தது. படம் எடுத்து இங்கே போட்டேன். நீங்களும் மாஷா அல்லாஹ் என்று எழுதினீர்கள்.

உம்மா வந்து பார்த்தா. "மகன், இதுல முக்காவாசியப் புடுங்கு."

"உசிரோட இரிக்கிறத எப்படி உம்மா புடுங்குற?"

அடுத்த நாள் காலையில் பார்த்தால், கிணற்றடி ஓரத்து வரிசையில் குழிக்கு ஒரு செடிதான் நிற்கிறது. அதற்கு அடுத்த வரிசையைக் காணவே இல்லை. பிள்ளைகளின் சாப்பாட்டைப் பிடுங்கி எறிந்ததுபோல இருந்தது. உம்மாவிடம் பேசக்கூடாத மாதிரிப் பேசிவிட்டேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

என் வரிசைகள் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று உயர்ந்தன. கொப்பு விடவில்லை. நிழலில் கிடந்த கீழ் இலைகள் மஞ்சளாகி விழுந்தன. பூத்தது, கொட்டியது. செடிக்கு ஒன்றிரண்டு காய்தான். உம்மாவின் ஒற்றை வரிசை கொப்பு விட்டுப் பரந்து காய்த்தது. என்னுடைய எந்த வரிசையும் அதற்குக் கிட்டவும் வரவில்லை.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். விவசாயத் திணைக்களம் கௌப்பிக்குச் சொல்லும் இடைவெளி 30க்கு 15 சென்ரிமீற்றர். குழிக்கு ஒரு செடி என்றால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 22 செடி. நான் நட்டது 177. எட்டு மடங்கு! உம்மா அளவுகோல் இல்லாமல் பிடுங்கிவிட்டது சரியாக 30க்கு 15.

அதற்காக மிகவும் அகலமாகவும் நடக்கூடாது. ஒரு செடியில் நிறையக் காய்க்கும், ஆனால் இடையில் வெறும் நிலமும் புல்லும்தான் மிஞ்சும். நமக்குத் தேவை ஒரு செடியின் காய் அல்ல, அந்தத் துண்டு நிலத்தின் மொத்த விளைச்சல்.

அறுவடையன்று உம்மா கௌப்பி அவித்து, தேங்காய்ப்பூப் போட்டுத் தந்தா. மன்னிப்புக் கேட்டேன்.

"தின்னு மகன், ஆறப்போகுது" என்றா.

இந்த முறை ஊன்றுபவர்கள் பிள்ளையின் புத்தகப்பையில் இருக்கும் அடிமட்டத்தை எடுங்கள். அது 30 சென்ரிமீற்றர். வரிசைக்கு வரிசை ஒரு அடிமட்டம், செடிக்குச் செடி அரை அடிமட்டம். கூட முளைத்தால் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை.

வீட்டில் தோட்டம் தெரிந்த மூத்தவர்கள் இருந்தால், முதலில் அவர்களைக் கேளுங்கள்.