திட்டறதுக்கு ஒரு டீம் வேணும்

பொங்கல் நல்லபடியா முடிஞ்சுது. தக்காளி, ரோஜா, பனின்னே எழுதிட்டு இருந்தேன். இந்த வாரம் ஃபுட்பால் பத்தி எழுதலாம்னு இருக்கேன். விவசாயிக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு சென்னைல இருக்கிறவங்க கேப்பீங்க. ஓசூர் பக்கத்துல யாரும் கேக்க மாட்டாங்க.

காரணம் சிப்காட். எங்க பாகலூர் ரோடு பக்கம் நிலத்து ஓரமா லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கோம். கேரளா, மணிப்பூர், அஸ்ஸாம், வங்காளம், ஜார்க்கண்டுன்னு எல்லா ஊர்ப் பசங்களும் ஷிப்ட் வேலைக்கு வந்து தங்கறாங்க. ஊர்க்காரங்க நாங்களே வீட்ல தெலுங்கு, கடையில தமிழ், சந்தையில கன்னடம்னு பேசறவங்க. இத்தனை பாஷைக்காரங்க ஒண்ணா உக்காந்து சண்டை போடணும்னா பொதுவா ஒரு விஷயம் வேணும் இல்லையா? அது ஃபுட்பால்தான். இடம், சேட்டன் டீக்கடை.

சென்னை எங்களுக்கு 300 கிலோமீட்டர். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம் 40 கிலோமீட்டர்தான். 2013ல பெங்களூரு எஃப்.சி. ஆரம்பிச்சதுல இருந்து அது எங்க டீம் மாதிரி ஆயிடுச்சு. ஆனா 2018 மார்ச் 17ம் தேதி அதே கண்டீரவால ஐ.எஸ்.எல். ஃபைனல், பெங்களூருக்கும் சென்னையின் எஃப்.சி.க்கும். இப்ப யார் பக்கம் நிக்கிறது? ரேஷன் கார்டு தமிழ்நாடு, பூ விக்கிறது பெங்களூரு. சுனில் சேத்ரி முதல் கோல் போட்டப்ப நான் கை தட்டினேன். கடைசியில சென்னை 3-2ன்னு ஜெயிச்சப்பவும் தட்டினேன். "மாமா ரெண்டு பக்கமும் வரப்பு வச்சிருக்காரு"ன்னு மச்சான் பையன் இன்னிக்கும் கிண்டல் பண்றான்.

சேட்டன் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆளு. அவர்கிட்ட 2023 மார்ச் 3ம் தேதின்னு சொன்னா போதும், டீயில சக்கரை போட மறந்துடுவார். ப்ளே ஆஃப் மேட்ச், கண்டீரவால. 90 நிமிஷமும் கோல் இல்ல. கூடுதல் நேரத்துல 96வது நிமிஷம் பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளாக்காரங்க தடுக்கறதுக்கு வரிசையா நிக்கிறதுக்கு முன்னாடியே சேத்ரி பந்தைத் தட்டி உள்ள போட்டுட்டார். ரெஃப்ரி கோல்னு சொல்லிட்டார். கேரளா டீம் மைதானத்தை விட்டே வெளிய போயிடுச்சு. அப்புறம் அந்த கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை.

"ரெஃப்ரி கோல்னா கோல்தான் சேட்டா"ன்னு நான் ஆரம்பிப்பேன்.

"அண்ணா, உங்க தக்காளியை எடை போடறதுக்கு முன்னாடியே லாரியில ஏத்திட்டா சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன். ஆனா கூடையை அங்கேயே விட்டுட்டு வீட்டுக்கும் போக மாட்டேன்."

கடையே சிரிக்கும். மூணு வருஷமா இதே சண்டை. ரெண்டு பேருக்கும் வசனம் மனப்பாடம்.

வெளிநாட்டு மேட்ச் பத்தியும் பேசுவோம். எங்க பக்கம் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் முறை வச்சு வரும். ராத்திரி முறைன்னா தோட்டத்துலதான் படுக்கை. ஒரு பக்கம் தண்ணி பாயும், ஒரு பக்கம் போன்ல இங்கிலாந்து மேட்ச் ஓடும். அங்க இப்ப வி.ஏ.ஆர். வந்துடுச்சு. கோல் போட்டதும் டிவியில கோடு போட்டுப் பாத்து, தோள்பட்டை ஒரு இஞ்ச் முன்னாடி இருந்துச்சு, ஆஃப்சைடுன்னு சொல்றாங்க. லைன் வீட்டு மணிப்பூர் தம்பி சொல்வான்: "அண்ணா, இப்ப சந்தோஷப்படறதுக்கும் பர்மிஷன் வாங்கணும்." ஆனா சேட்டன் மட்டும் வி.ஏ.ஆர். வேணும்னு சொல்வார். ஏன்னு உங்களுக்கே தெரியும்.

இப்படி ஓடிட்டு இருந்த கடை 2025ல அமைதியாயிடுச்சு. ஃபுட்பால் கூட்டமைப்பும் லீக்கை நடத்தின கம்பெனியும் 2010ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம், டிசம்பர் 8ம் தேதியோட முடியுதுன்னு இருந்துச்சு. அடுத்து என்னன்னு முடிவாகாததால ஜூலைலயே சீசனை நிறுத்தி வச்சுட்டாங்க. ஆகஸ்ட்ல பெங்களூரு கிளப் வீரர்கள் சம்பளத்தையே நிறுத்தி வச்சது. செப்டம்பர்ல தொடங்க வேண்டிய ஆட்டம் தீபாவளிக்கும் வரல, கார்த்திகைக்கும் வரல.

டீக்கடையில மெட்ராஸ் பேப்பர், பெங்களூரு பேப்பர் ரெண்டும் வரும். நானும் புரட்டிப் பாத்துட்டே இருந்தேன். மூலையில நாலு வரி இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. டிசம்பர் 13ம் தேதி மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். அன்னிக்குப் பூரா டிவில அதான். ஆயிரக்கணக்குல பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினவங்களுக்கு அவர் முகம் தெரியல, சுத்தி அத்தனை பெரிய மனுஷங்க. கொஞ்ச நேரத்துல கிளம்பிட்டார். ஜனம் நாற்காலியை உடைச்சு எறிஞ்சது. அதையும் ரெண்டு நாள் காட்டினாங்க. அடுத்த நாள் மும்பையில மெஸ்ஸி சேத்ரிக்கு ஜெர்சி கொடுத்தார். நல்ல படம்தான். ஆனா ஜெர்சி வாங்கினவர், போன சீசன்ல 40 வயசுல 14 கோல் போட்டவர், இப்ப ஆடறதுக்கு லீக் இல்லாம நிக்கிறார்னு எந்த சேனலும் சொல்லி நான் கேக்கல.

எனக்கு இது புதுசு இல்லைங்க. 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்ப ராயக்கோட்டை மண்டிக்கு மைக்கைத் தூக்கிட்டு வந்தாங்க. விலை விழுந்து ரோட்டுல கொட்டினாலும் வருவாங்க. நடுவுல நாத்து விட்டு, குச்சி நட்டு, கயிறு கட்டி, மருந்தடிச்சு நாங்க பாடுபடற மாசமெல்லாம் செய்தியே இல்ல. ஃபுட்பாலுக்கும் அதே கதிதான். மெஸ்ஸி வந்தா செய்தி, நாற்காலி பறந்தா செய்தி. சாதாரண புதன்கிழமை மேட்சுக்கு டிரெயினிங் போற பையன் செய்தி இல்ல.

அந்தப் பையன் யாருன்னு எங்களுக்குத் தெரியும். மணிப்பூர் தம்பியோட சின்னத் தம்பி அங்க ஒரு அகாடமில ஆடறான். அவங்க மாநிலத்துக்காரர் ஜீக்சன் சிங்தான் 2017ல 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில இந்தியாவுக்கு முதல் கோல் போட்டவர். வீட்டுக்கு வீடு அந்தக் கனவு இருக்கு. நவம்பர்ல ஒரு நாள் தம்பி கேட்டான்: "அண்ணா, பக்கத்து ரூம் காலியாகுதா? லீக் இல்லன்னா தம்பியையும் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டுக்கறேன்." வாடகை வர்ற விஷயம், எனக்கு லாபம்தான். ஆனாலும் "இரு, பொங்கல் வரைக்கும் பாக்கலாம்"னேன். சேட்டன் ஒண்ணும் பேசாம அவனுக்கு இன்னொரு டீ வச்சார்.

2026 ஜனவரி 6ம் தேதி மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவிச்சுட்டார். பிப்ரவரி 14ல லீக் தொடங்கும்னு சொன்னார். 14 டீம், ஒருத்தரோட ஒருத்தர் ஒரே தடவை, மொத்தம் 91 மேட்ச். சின்ன சீசன்தான், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடல. பரவாயில்லை. மெஸ்ஸியைத் திட்டினா அவருக்குக் கேக்காது. நம்ம டீமைத் திட்டினா 40 கிலோமீட்டர்ல கேக்கும். பஸ் ஏறிப் போய் நேர்லயே திட்டலாம்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்டீரவாவோ சென்னை நேரு ஸ்டேடியமோ, ஒரு மேட்சுக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. கேரளா மேட்ச் கண்டீரவால வந்தா நானும் சேட்டனும் போறதா இருக்கோம். போற வர்ற பஸ் செலவு தோத்தவர் தலையில. அந்த ரூமுக்கு அஸ்ஸாம்ல இருந்து வேற ஒருத்தர் வந்துட்டார்.