ஆறில் ஐந்து பங்கு வேகம்

தென்னேரியில் ரெக்கார்டிங்குக்கு நல்ல நேரம் இரவு பன்னிரண்டுக்கு மேல். ஒரகடம் பக்கத்து கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருக்கும். எதிர்வீட்டு டிவி அணைந்திருக்கும். ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம் மட்டும் வரும். அதை ஒன்றும் செய்ய முடியாது. ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு கம்பளிகளையும் அக்காவின் பழைய மெத்தையையும் சுவரோரம் சாய்த்துவைத்து, மைக் முன்னால் உட்காருவேன். நான் வாசிப்பது ராஜா சார் பாட்டு இல்லை, கீர்த்தனையும் இல்லை. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் பின்னணி இசை.

இதை வெளியே சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். வயது முப்பத்தாறு. சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. வார இறுதியில் என்ன செய்தாய் என்று டீமில் கேட்டால் “சும்மா ஊருக்குப் போயிருந்தேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு கிடார், ஒரு பழைய கேஷியோ கீபோர்டு, ஒரு யூஎஸ்பி மைக், ஆடாசிட்டி. இதுதான் என் ஸ்டுடியோ.

ஆனால் இது நான் மட்டும் பிடித்துக்கொண்டு திரியும் பைத்தியம் இல்லை. ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டுக்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமா 1980களிலேயே அந்த இசையை ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து மேடையேற்றிவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், 2021இல், வீரர்கள் அணிவகுத்து வந்தது வீடியோ கேம் இசைக்குத்தான். அடுத்த ஆண்டு ‘எய்ட் பிட் பிக் பேண்ட்’ என்ற குழு, ‘கிர்பி சூப்பர் ஸ்டார்’ விளையாட்டின் இசைத்துண்டு ஒன்றை ஜாஸாக வாசித்து கிராமி வாங்கியது. மரியோ இசையை 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீடியோ கேம் இசை அதற்குள் போனது அதுதான் முதல்முறை. இந்தப் பெரிய ஆட்களுக்கெல்லாம் கீழே, கட்டிலில் உட்கார்ந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிக்கும் என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு வீடியோ கேம் வந்தது 1998இல். ஒரு கல்யாண ஆர்டர் முடிந்து கூலி வாங்கிய கையோடு அப்பா காஞ்சிபுரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். நின்டெண்டோ கருவியின் டூப்ளிகேட். மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். 64 விளையாட்டு என்று அதில் போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் எட்டோ ஒன்பதோதான் தேறும். அப்பா அதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. அது எங்களுக்கான சம்பளம்.

காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கோர்வை போட்டாக வேண்டும். அதற்கு மூன்று நாடா. இரண்டை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். வலது கரையில் ஓடும் மூன்றாவது நாடாவுக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஆள் அக்கா, இல்லாவிட்டால் நான். அன்றைக்கு எங்கள் தெருவில் இதைக் குழந்தைத் தொழில் என்று யாரும் சொல்லமாட்டார்கள். “வீட்டு வேல” என்பார்கள். டிவியும் தறியும் ஒரே அறையில். ஒருவர் தறியில் உட்கார்ந்தால் மற்றவர் மரியோ ஆடலாம். முறை மாறும்போது அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் “டேய்” என்பார். செத்தாலும் பிழைத்தாலும் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு எழ வேண்டும்.

அந்தப் பழைய நின்டெண்டோவின் ஒலிச் சில்லில் மரியோ இசைக்கு நான்கு குரல்கள்தான். சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று. கோஜி கோண்டோ என்ற இருபதுகளில் இருந்த இளைஞர், 1985இல், இந்த நான்கை வைத்துத்தான் மொத்த இசையையும் போட்டார். படம், நிரல், இசை எல்லாம் சேர்த்து அந்த விளையாட்டே 40 கிலோபைட். இன்று என் ஆபீஸ் மெயிலின் அடியில் ஒட்டியிருக்கும் லோகோ அதைவிடப் பெரியது. குரல்கள் போதாததால் ஒரு வழி செய்திருந்தார்கள். மரியோ குதித்தால் அந்தச் சத்தத்தைப் போட, ஒரு சதுர அலை இசையை விட்டுவிட்டுப் போய்விடும். வேலை முடிந்ததும் திரும்பி வந்து, பாட்டு எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ந்துகொள்ளும். இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் “டேய்”தான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் மே மாதம். ஒவ்வொரு குரலையும் தனியாகப் பிரித்தெடுக்க, லேப்டாப்பில் ஒரிஜினல் இசையை ஸ்பீக்கரில் ஓடவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஏன்டா இவ்ளோ வேகமா ஓடுது?”

“இது அப்படித்தான்பா. ஒரிஜினல்.”

“நம்ம வீட்ல ஓடுனது இப்படி இல்லையே.”

சிரித்துவிட்டேன். எழுபது வயதை நெருங்குகிற நெசவாளி, வாழ்க்கையில் ஒருநாளும் ஜாய்ஸ்டிக்கைத் தொடாதவர், எனக்கு மரியோவின் வேகத்தைச் சொல்லித்தருகிறார். அவர் வாதாடவில்லை. கட்டில் சட்டத்தில் விரலால் நாலு தட்டு தட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு விளையாட்டுக்காக அந்தத் தட்டின் வேகத்தை அளந்து பார்த்தேன். ஒரிஜினலைவிட நன்றாகவே குறைவு. எவ்வளவு குறைவு என்ற கணக்கு மறுநாள் சென்னை பஸ்ஸில்தான் பிடிபட்டது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அன்றைய டிவி விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். நம் ஊர் டிவி பால் முறையைச் சேர்ந்தது. விநாடிக்கு 50 முறை. அந்தக் கால விளையாட்டுகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எட்டு வைக்கும். மரியோவும் அப்படித்தான் நகர்வார், இசையும் அப்படித்தான் நகரும். ஐரோப்பாவிலும் இதே 50தான். அங்கே விற்ற பதிப்பில் நின்டெண்டோவே வேகத்தைத் திருத்தி அனுப்பியது. டூப்ளிகேட்டுக்கு யார் திருத்துவார்கள்? ஜப்பான் நிரலை அப்படியே ஏற்றி நம் டிவிக்குக் கொடுத்தார்கள். அறுபது எட்டு வைக்க வேண்டிய இடத்தில் ஐம்பதுதான். ஆறில் ஐந்து பங்கு. ஒரு நிமிடப் பாட்டு எங்கள் வீட்டில் 72 விநாடி ஓடியது.

கேசட் பிளேயரில் பேட்டரி தீர்ந்தால் வேகத்தோடு சுருதியும் இறங்கும், உடனே தெரிந்துவிடும். இங்கே சுருதியைத் தீர்மானிப்பது வேறொரு கடிகாரம். இந்த டூப்ளிகேட்டுகளில் அது கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவுக்கே ஓடும், வித்தியாசம் ஒரு சதவீதம்கூட வராது. சுருதி சரியாக இருந்ததால் என் காது ஏமாந்தது. அப்பாவின் காது ஏமாறவில்லை. அவர் அந்த இசையைப் பாட்டாகக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் ஓடிய இன்னொரு ஓட்டம் அது. இது எத்தனை, அது எத்தனை என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அதுவரை பதிவுசெய்திருந்த அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஆறில் ஐந்து வேகத்தில் முதலிலிருந்து வாசித்தேன். அமெரிக்காவில் வளர்ந்த ஒரு நண்பன் கேட்டுவிட்டு, மரியோவுக்கு உடம்பு சரியில்லையா என்றான். மதுரையில் வளர்ந்த ஆபீஸ் நண்பன் ஹெட்போனைக் கழற்றாமலே “மச்சான், இதுதான்டா எங்க வீட்டு மரியோ” என்றான். இரண்டு பேரும் சொன்னது சரி.

அப்பாவிடம் இது ‘கவர்’ என்று விளக்கியபோதுதான் சிக்கல் வந்தது.

“அப்போ இதுவும் டூப்ளிகேட்டா?”

எங்கள் வீட்டில் அது சாதாரண வார்த்தை இல்லை. மரியோ வெளிவந்த அதே 1985இல்தான் கைத்தறிக்கு என்று சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் வந்தது. புடவையும் அதில் உண்டு. சட்டம் இருக்கிறது. ஆனாலும் அப்பா இரண்டு வாரம் உட்கார்ந்து நெய்த டிசைன், கொஞ்ச நாளில் விசைத்தறியில் ஓடி, கால்வாசி விலைக்குக் கடையில் தொங்குவதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். கைத்தறி என்று சொல்லியே அதை விற்பார்கள். அப்பா வாயில் ‘டூப்ளிகேட்’ என்ற வார்த்தை வந்தால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்வது அதேதானா? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் கவர் பதிப்புகளுக்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்துப் பணம் கட்ட வேண்டும். இது கவர்தான் என்று உறையில் தெளிவாகப் போட வேண்டும். விற்பவர்களுக்கான விதி அது. நான் ஒரு ரூபாய்க்கும் விற்கவில்லை. ஆனால் அப்பா கேட்டது சட்டம் இல்லையே.

காலையில் அவரிடம் லேப்டாப்பைக் காட்டினேன். ஃபேமிட்ராக்கர் என்று ஒரு மென்பொருள். பழைய நின்டெண்டோ இசையை வரி வரியாக எழுத அதைப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு வரியிலும் எந்தக் குரல் என்ன செய்ய வேண்டும் என்ற குறி. வரிகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அட்ட மாதிரி இருக்கு.”

ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையைச் சொன்னார். ஓர் அட்டைக்கு ஓர் இழை. ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது.

“இத எங்கிருந்து எடுத்த?”

“காதால கேட்டுதான்பா. ஒவ்வொண்ணா.”

“எண்ணியா?”

“எண்ணித்தான்.”

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் நினைவு வந்தது. ஆயாவின் கல்யாணப் புடவை ஒன்று மடிப்பில் இற்றுப்போய்க் கிடந்தது. அப்பா அதன் முந்தியை லென்ஸ் வைத்து இழை இழையாக எண்ணி, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் குறித்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. தறியில் அந்த முந்தி வந்தபோது ஆயா தடவிப் பார்த்துவிட்டு “என்துல அன்னம் இன்னும் குண்டா இருக்கும்” என்றாள். அப்பா அவிழ்த்துத் திருத்தவில்லை. “இது நான் நெஞ்சது, இப்படித்தான் இருக்கும்” என்றார். அந்தப் புடவையை அவர் ஒருநாளும் டூப்ளிகேட் என்று சொன்னதில்லை. பழைய புடவை என்று பொய் சொல்லி விற்கவும் இல்லை.

எண்ணியதற்கும் திருடியதற்கும் நடுவில் எங்கே கோடு என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அப்பாவுக்கு முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும், அதனால்தான் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

தறி நின்றது 2020 ஊரடங்கில். ஏறியிருந்த பாவு முடிந்தது, புதுப் பாவு வரவில்லை. மறுபடி வேலை வந்தபோது அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்தத் தை மாதம் வீட்டுக்கு டைல்ஸ் போட முடிவானது. குழித்தறியின் குழியை மூட வேண்டும். அதற்குள் தறிச் சத்தத்தைப் பதிவுசெய்து, மரியோவின் தாளத்துக்கு, அந்த இரைச்சல் குரலின் இடத்தில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டில் அந்த இசை ஒருநாளும் தனியாக ஓடியதில்லையே.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார். அச்சுப்பலகையை ஒருதரம் இழுத்து அடித்தார். கடகடவென்று வெறும் மரச் சத்தம்.

“துணி இல்லாம அடிச்சா அது வேற சத்தம்டா.”

“பரவால்லப்பா.”

“உனக்குப் பரவால்ல.”

அம்மாவிடம் ஒரு பழைய துண்டு கேட்டார். நாலாக மடித்து, நெய்த துணியின் விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் இடதுகையால் பிடித்துக்கொண்டு, வலதுகையால் அடித்தார். தொப். இரண்டு தரம் மடிப்பை மாற்றினார். “கிட்டத்தட்ட” என்றார். பிறகு நாற்பது, ஐம்பது அடி. கை வலித்ததும் நிறுத்திவிட்டார்.

இரவில் ஹெட்போனில் கேட்டேன். அடிகள் சீராகத்தான் இருந்தன. ஆனால் எந்தத் தாளத்திலும் உட்காரவில்லை. ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் தேவையில்லாமல் ஒரு சின்ன இடைவெளி. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கட்டத்துக்குள் வந்துவிடும். அழுத்தப் போன பிறகுதான் அது என்ன இடைவெளி என்று தெரிந்தது. வலது பக்கத்திலிருந்து மூன்றாவது நாடா வந்து சேரும் நேரம். நூலும் இல்லை, நாடாவும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. அவர் கை மட்டும் ஒவ்வொரு தடவையும் காத்திருந்தது.

அதை வெட்டவில்லை. பாட்டைத்தான் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினேன். இப்போது ஆறில் ஐந்துகூட இல்லை. குழியை மறுவாரம் கிராவல் கொட்டி மூடினார்கள்.