யாவும் உடையார்க்கு யாது கொடுப்பது?

கிறிஸ்து பிறப்புத் திருநாள் அணுகுங்கால் பரிசில் தேடிக் கடை வீதிகளில் அலைவோர் பலர் உளர். அவருள் சிறுவர்க்குத் தேடுவோர் பேறு பெற்றோர். ஒரு பந்து போதும், குழந்தை அகமகிழ்ந்து விடும். நண்பர்க்குத் தேடுவோர்க்கும் பெருந்தொல்லை இல்லை. நல்ல நூலொன்றை வாங்கி, முதலில் தாம் படித்து முடித்துப் பின்னர் அவர் கையிற் கொடுக்கலாம். எண்பது வயது கடந்த மாமனார் மாமியார்க்கு, அதிலும் யாதொரு குறையுமின்றி வாழும் மாமனார் மாமியார்க்கு, இன்னது கொடுப்போம் என்று துணிவதுதான் அரிது. அவர்கள் புதுச்சேரியில் வாழ்பவராயின் அவ்வருமை இரு மடங்காகும். இச்சஞ்சிகையைப் படிக்கும் பழைய மாணவருள் மணமானோர் மிகப் பலராதலின் இப்பொருள் அவர்க்குப் புறம்பாகாது. மணமாகாத இளைஞர்கள் இதனைப் பிற்காலத்துக்கென எடுத்து வைத்துக்கொள்வார்களாக.

நம் நாட்டில் கொடை என்பது பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டை நோக்கியே ஓடுவதொரு வாய்க்கால். தலைத் தீபாவளிக்கு மோதிரமும் வேட்டியும் எங்ஙனமோ, அங்ஙனமே கிறிஸ்தவ இல்லங்களில் தலைக் கிறிஸ்துமசுக்கும் உண்டு. பின்னர்ப் பிள்ளைப்பேறு, காதணி, புதுநன்மை என ஒவ்வொன்றுக்கும் தாய்வீட்டுச் சீர் வந்துகொண்டே யிருக்கும். இவ்வழக்கம் நன்றென்று யாம் வாதிக்க வரவில்லை. இதனாற் கடன்பட்டு நொந்த தந்தையர் எத்தனையோ பேர். ஆயினும், அறுபது ஆண்டு கொடுத்தே பழகிய கையைப் பார்த்து, 'இனி நீ ஏந்துக' என்று கூறினால் அஃது எளிதில் ஒருப்படுமோ? எம் மாமியார் இல்லத்தில் மாப்பிள்ளை கொண்டுசெல்லும் பொருள்களுள் மறுப்பின்றி ஏற்கப்படுவன பூவும் பழமுமே. வேறு எதனைக் கண்டாலும் அவர் எம் மனைவியை நோக்கி, "மாப்பிள்ளைக்கு ஏனடி இந்தச் செலவு? நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்பார். எம்மை நேர்முகமாக நோக்கி உரையாடுவது அவர் பழகிய மரபன்று. எமக்கும் அவர்க்கும் இடையே எம் மனைவியார் இருபத்தாறு ஆண்டுகளாகத் துபாஷி வேலை பார்த்து வருகின்றார்.

எம் மாமனார், புதுவையில் 'சொல்தா' என்று வழங்கப்பெறும் கூட்டத்தைச் சேர்ந்தவர். பிரெஞ்சுப் படையில் ஊழியம் புரிந்து ஓய்வூதியம் பெறுவோர்க்கு இந்நகரத்தார் இட்ட பெயர் அது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபோது அவர் பதினான்கு வயதுச் சிறுவர். சட்டப்படியான மாற்றத்துக்கு உரிய ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாயிற்று. நடைமுறைக்கு வந்ததோ 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள். அன்று முதல் ஆறு திங்களுக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பும் உள்ளூர்ப் பிறந்தோர் எழுத்து மூலம் அறிவித்துவிட வேண்டும். அறிவியாதார் இந்தியக் குடிகளாவர். எம் மாமனார் எழுதிக் கொடுத்தார். அவருடைய தமையனார் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் இந்தியர். வெளியூரார்க்கு விந்தையாகத் தோன்றும் இது புதுவையில் பல குடும்பங்களில் நடந்ததுதான். பின்னர் அவர் படையிற் சேர்ந்து, பதினேழு ஆண்டு கடல் கடந்து வாழ்ந்து, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் உள்ள தம் தந்தையார் வீட்டுக்கே திரும்பி வந்தார். திண்ணையும், தெருத் தாழ்வாரமும், நடுவே முற்றமும் உடைய வீடு அது.

இன்று அவ்வீட்டில் இல்லாதது யாது என்று கேட்டால் விடை கூறுவதரிது. ஓய்வூதியம் யூரோ நாணயத்தில் வருகின்றது. மைத்துனர் இருவரும் பிரான்சில் வாழ்கின்றனர். வருந்தோறும் பெட்டி நிறையக் கொணர்கின்றனர். கூடத்து அலமாரியைத் திறந்தால், காப்பி வடிக்கும் பொறி ஒன்று, இரத்த அழுத்தம் காணும் கருவி இரண்டு, புதுச்சேரியின் டிசம்பர்க் குளிருக்கென்று வந்த கம்பளி மேலங்கி ஒன்று, இன்னும் பல, உறை பிரிக்கப்படாமலே இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எம் மாமியார் கையால் எழுதிய சீட்டு உண்டு. அவை அங்கே உறங்குகின்றன என்று எண்ணற்க. அண்டை வீட்டில் ஒரு மணமோ புதுமனை புகுதலோ நேர்ந்தால் அலமாரி திறக்கும், ஒன்று வெளிப்படும். வாங்கியதைக் கொடுக்கும் பொருளாக மாற்றிய பின்னரே அவர் உள்ளம் அமைதியுறும்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் வழக்கம்போல் யாமும் தேடப் புறப்பட்டோம். நேரு வீதியில் துணிக்குக் குறைவில்லை. ஆனால் எண்பது வயது மூதாட்டிக்கு இனி எத்தனை புடவை? ஆசிரமத்தார் செய்யும் கைக்காகிதம் அழகியது. ஆயினும் மாமனார்க்குக் கண்ணொளி மங்கிவிட்டது. வில்லியனூர்ச் சுடுமண் உருவங்களும், பிரெஞ்சுக்காரர் வழியாக இந்நாட்டுக்கு வந்து திருக்கனூரில் வேரூன்றிய காகிதக்கூழ்ப் பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மிகப் பொருத்தமானவை. அவர்கள் வீட்டுக் குடிலிலோ ஆடுகள் மட்டும் பதினொன்று உள்ளன; மூன்று அரசர்க்கே நிற்க இடமில்லை. மதுக்கடைகளின் பெயர்பெற்ற இந்நகரில் அவ்வழியையும் எமக்கொருவர் சுட்டினார். மருமகன் மாமனார்க்குச் சீசா நீட்டுவதாவது! அதனை அப்போதே விட்டொழித்தோம்.

பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்னும் அமெரிக்கப் பொருளியலாசிரியர், கிறிஸ்துமஸ் பரிசில்களால் விளையும் நட்டத்தைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். பரிசிலுக்குக் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பெறுபவர் மதிப்பிற் குறைந்து வீணாகிறது என்பது அவர் முடிவு. வயதாலும் உறவாலும் தொலைவிலுள்ளோர்க்கு மற்றவர் மனம் தெரியாதாகையால், நட்டமும் மிகும். கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆயினும் எம் மாமனார் கையில் ஓர் உறையிற் பணத்தை வைத்து நீட்டும் துணிவு அவ்வாசிரியர்க்கே வாராது. இதனினும் எமக்குத் தெளிவு தந்தது, மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வு. கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என மூன்று கடமைகளை அவர் பிரித்துக் காட்டுகின்றார். ஏற்றுக்கொண்டு திருப்பிச் செய்யாதவன் கொடுத்தவனுக்குக் கீழ்ப்பட்டவனாகின்றான். புதுவைக்கு இது புதுச்செய்தியன்று. 1736 முதல் 1761 வரை இந்நகரில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, யார் யாருக்கு என்ன வெகுமதி செய்தார், அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை அத்துணைக் கவனமாகக் குறித்து வைத்ததன் பொருளும் இதுவே. கொடை கைம்மாறும்போது வரிசையும் மாறும். துய்ப்ளேக்சின் அவைக்கு மட்டுமா அது? எங்கள் மாமியார் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும்.

நிற்க. நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. கிருஷ்ணா நகர்ப் பக்கத்தில் மக்களை மீட்க இராணுவத்தினர் வந்தனர். வழி திறந்தவுடன் யாமும் மனைவியும் சென்று பார்த்தோம். சாக்கடை எதிரேறி முற்றத்தில் முழங்காலளவு நின்ற நீர் வடிந்திருந்தது, மின்சாரம் வரவில்லை. மாமனார் தம் படைவீரர் கையேட்டையும் ஓய்வூதியத் தாள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் எழுத்தில் மெய்ப்பித்துப் பிரான்சுக்கு அனுப்பவேண்டிய கடமை அவருக்குண்டு. அத்தாள்கள் போயின் உயிரே போனமாதிரி. உள்ளே அலமாரியின் அடித்தட்டு முழுதும் நனைந்திருந்தது. கம்பளி மேலங்கியிலிருந்து நீர் சொட்டிற்று. மாமியார் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர் மடியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் ஏடுகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். புதுமணப் பெண்ணாய்ப் பிரான்சுக்குச் சென்று, படைமுகாம் இருந்த ஊரில் தமிழ் பேச ஆளின்றித் தனித்திருந்த காலத்தில், தம் அன்னையார் கடிதத்தில் எழுதியனுப்பிய பாகங்களை யெல்லாம் அவர் அந்நோட்டிற் படியெடுத்து வைத்திருந்தார். மை எழுத்தாதலின் நீர்பட்டு நீலமாகக் கரைந்துவிட்டது. எம் மனைவியிடம் அவர் சொன்னது இதுவே: "எழுத்துப் போய்விட்டதடி. கைக்கு நினைவிருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு?"

ஓராண்டாக அவருடைய கைகள் நடுங்குவதை யாம் அறிவோம். அன்றிரவு யாமும் மனைவியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மறுநாட் காலை, மரபை மீறி, அவரை நேரே நோக்கி, "அத்தை, இந்தக் கிறிஸ்துமசுக்கு எங்களுக்கு ஒன்று வேண்டும், நீங்கள்தாம் தர முடியும்" என்றோம். அவர் மகளைப் பார்க்கவில்லை. எம் முகத்தையே பார்த்து, "என்ன வேண்டும், சொல்லுங்கள் மாப்பிள்ளை" என்றார். அந்நோட்டில் இருந்தன அனைத்தையும் அவர் சொல்லச் சொல்ல யாம் எழுதிக்கொள்ளவேண்டும். விவிக்கம் செய்யும் முறையை எம் மகளுக்குக் கைப்படக் கற்பித்துத் தரவேண்டும் என்று கேட்டோம். விவிக்கம் என்பது புதுவைக் கிறிஸ்தவ இல்லங்களின் கிறிஸ்துமஸ் கேக்கு. மாவுக்குப் பதில் ரவையும், வெண்ணெயும், முட்டையும், முந்திரியும், மதுவில் ஊறிய பழங்களும் சேர்வது. பிரான்சிலுள்ள மருமக்கள் கடையில் வாங்குகின்றனர். எம் மனைவியார் கற்றுக்கொள்ளவில்லை. அன்னையார் இருக்கையில் கற்பதற்கு அவசரம் என்ன என்றிருந்தார்.

எழுதுவது எளிதாக இருக்கவில்லை. "ரவை எவ்வளவு?" என்றால் "ஆறு பிடி" என்பார். "பிடி என்றால் எவ்வளவு?" என்றால் கையைக் காட்டுவார். எம் மகள், கல்லூரியில் இரசாயனம் படிப்பவள், சமையல் தராசு ஒன்றைக் கொண்டுவந்து பாட்டியின் நடுங்கும் பிடியை அப்படியே வாங்கி நிறுத்தாள். 62 கிராம். "இன்னொரு முறை அள்ளுங்கள், ஆயா" என்றாள். 61. மூன்றாம் முறையும் 62. ஆய்வுக்கூடத்தில் தன் கை இத்துணைச் செம்மையாக நில்லாதென்று அவள் ஒப்புக்கொண்டாள். இங்ஙனம் முப்பத்துநான்கு பாகங்கள் பதினோரு மாலைகளில் எழுதப்பெற்றன. இடையே அவர் எம்மைக் கடிந்துகொண்டதும் உண்டு. எம் கையெழுத்து அவர்க்குப் பிடிக்கவில்லை.

ஏழாம் மாலை மாமனார் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏன் மாப்பிள்ளை, என்னிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லையோ?" அவர் குரலிற் சிறிது வருத்தமும் கலந்திருந்தது. நெடுநாள் எம் மனத்தில் இருந்ததை அப்போது கேட்டோம்: 1962இல் அவர் எழுதிக் கொடுத்ததும் தமையனார் எழுதிக் கொடாததும் ஏன்? எம் மனைவியும் அதுவரை கேட்டறியாதது அது. அவர் சிறிது நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார். இதே திண்ணையில் இருவரும் அமர்ந்திருந்தார்களாம். இருவர்க்கும் போக விருப்பமாம். தாயார் உள்ளேயிருந்து வந்து, "ஒருவன் போ, ஒருவன் இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிட்டாராம். யார் போவதென்று அவர் சொல்லவில்லை. அண்ணன் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மில் வேலைக்குச் சென்றுவிட்டார். அவ்வளவுதான். தமையனார் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் மாமனார் பேசிக்கொண்டே யிருந்தார். தமையனார் பிரான்சுக்கு எழுதிய கடிதங்கள், அவருக்கென அனுப்பிய கடிகாரம், அதனை அவர் ஒருநாளும் கட்டாமல் வைத்திருந்தது. யாம் அவற்றை அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிவந்தோம். முன்பக்கத்தில் அத்தையின் பாகங்களும் பின்பக்கத்தில் மாமாவின் கதையும் நடுவில் வந்து சந்திக்கின்றன. இடையே நான்கு ஏடுகள் வெறுமையாக உள்ளன.

கிறிஸ்துமஸ் முன்னிரவு சம்பா கோவில் பூசைக்குப் புறப்படுமுன் மாமியார் எமக்கு வேட்டியும் எம் மனைவிக்குப் புடவையும் வழக்கம்போல் எடுத்துக் கொடுத்தார். அவ்விருவர்க்கும் எம் கையில் பூவும் பழமும் மட்டுமே இருந்தன. எவரும் குறை கூறவில்லை. பிரான்சில் நெடுங்காலமாகப் பரிசில் வழங்கிய நாள் புத்தாண்டே. அவ்வழக்கப்படி மாமனார் சிறுவர்க்குப் புது நோட்டுக் கொடுப்பதற்கு ஜனவரி முதல் நாள்வரை காத்திருப்பார், அதிலும் மாற்றமில்லை. மைத்துனர் இருவரும் தொலைபேசியில் நோட்டுக்குப் படி கேட்டனர். கையாலெழுதித் தருவதாயின் தருவேன் என்று எம் மகள் விலை பேசிக்கொண்டிருக்கின்றாள்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பழங்களை ரம்மில் எத்தனை நாள் ஊறவைப்பது? பத்து நாள் போதும் என்பது அத்தையின் கட்சி. தம் தாயார் ஒரு திங்கள் ஊறவைத்தார் என்பது மாமாவின் கட்சி. புயலின் பின் நாள் குறைவாக இருந்தமையின் இம்முறை பத்து நாளே ஊறின. மாமனார் இரண்டாம் துண்டையும் கேட்டு வாங்கி உண்டுவிட்டு, இன்னும் இருபது நாள் ஊறியிருக்க வேண்டும் என்றார். நோட்டில் இரண்டு கணக்கையும் எழுதியிருக்கின்றோம்.