தேரிக்காட்டு ஜீப்பும் ஒரு பல் கணக்கும்

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பளம், ஒரு காலத்து முத்துக்குளிப்பு... இவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். திருச்செந்தூர் பக்கம் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தேரிக்காடு! குதிரைமொழித் தேரியின் செம்மணலில் சாதாரணக் கார் இறங்கினால் சக்கரம் சுற்றிச் சுற்றிப் புதைந்துவிடும். அங்கே ஃபோர் வீல் ஜீப்புக்குத்தான் மரியாதை.

ஆனால் நாலு சக்கரமும் இழுத்தால் மட்டும் போதாது. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும். அது என்ன கணக்கு?

ஒவ்வொரு ஆக்சிலுக்குள்ளும் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8. வகுத்தால் 4.88. பிறகு 1953இல் வந்த சிஜே 3பி ஜீப்பில் 43 பல்லுக்கு 8. அதாவது 5.38. ஆக்சிலை வெளியே இருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சிக்கல் அங்கேதான்!

ஒருவர் பழைய ஜீப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு யாரோ உடைந்த முன் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக்கடையில் கிடைத்த வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள். பின்னால் 5.38, முன்னால் 4.88. டூ வீலில் ஓட்டும்வரை வண்டி தங்கம். ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு புரொப்பலர் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது முன் சக்கரம் 1.1 சுற்று சுற்றப் பார்க்கும். பின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருண்டால் முன் சக்கரம் 100 மீட்டர் அதிகம் உருள வேண்டும். நடக்குமா?

தார் ரோட்டில் நடக்காது. டயர் தேயும், ஷாஃப்ட் முறுக்கேறும், ஃபோர் வீல் லீவர் திரும்ப வராது. கடைசியில் ஏதாவது ஒரு பல்லோ யுனிவர்சல் ஜாயின்ட்டோ போகும். இத்தகைய ஜீப்பில் கணக்குச் சரியாக இருந்தாலும் தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக்கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றி வருவதால் முறுக்கு ஏறும். கணக்குத் தவறினால் நேர் ரோட்டிலேயே அந்த நிலைமை.

“மணலில்தானே ஓட்டப்போகிறீர்கள், சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும்” என்பார் விற்பவர். சறுக்கும், உண்மைதான். ஆனால் சறுக்கும் சக்கரம் மணலைத் தோண்டும். ஏறுவதற்கு வேண்டிய சக்தி சண்டையில் வீணாகும். புதையாமல் இருக்கத்தானே ஃபோர் வீல்?

அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் முன்னால் 4.09, பின்னால் 4.10 என்று கம்பெனியிலேயே வருவதுண்டு. 45க்கு 11, 41க்கு 10 என்ற பல் எண்ணிக்கையால் வரும் வித்தியாசம் அது. கால் சதவீதம்கூட இல்லை, பயமில்லை. பத்து சதவீதம் அப்படியல்ல. அளவு மாறிய டயர்களும் இதே வம்பைச் செய்யும்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. சமதரையில் மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர் நியூட்ரல், ஃபோர் வீல் ஆஃப். பழைய வில்லிஸில் ஹேண்ட்பிரேக் புரொப்பலர் ஷாஃப்டையே பிடிக்கும், அதையும் விட்டுவிட வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது. டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை 16 சுற்று சுற்றுங்கள். மறு சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் பாதிதான், அதாவது 8 சுற்று சுற்றும். ஷாஃப்ட் 39 சுற்றினால் 4.88, 43 சுற்றினால் 5.38. முன் ஆக்சிலிலும் இதையே செய்யுங்கள். ஃப்ரீ ஹப் இருந்தால் லாக் செய்ய மறக்க வேண்டாம்.

இரண்டு எண்ணும் ஒன்றானால் தேரிக்குப் போகலாம். இல்லையென்றால் விலை பேசுவதற்கு முன் இன்னொரு ஆக்சில் தேட வேண்டும். டூ வீலில் ஒளிந்திருக்கும் இந்தத் தவறு, நடுத்தேரியில் ஃபோர் வீல் லீவரை இழுக்கும்போதுதான் வெளியே வரும். அங்கே உதவிக்கு யார் வருவார்கள்?